நூறிலிருந்து ஏழு ஏழாக

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆபீஸில் கேட்டார்கள். சட்டப் பிரிவுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, என்னைவிடத் தெளிவாகவே சொல்லும். அது சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நம் ஆட்களுக்கு நோயாளியாக இருக்கத் தெரியாது.

நம் ஆட்கள் என்று நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மார்க் வாங்கியே டெக்சாஸ் வரை வந்து சேர்ந்தவர்கள். டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "ஃபைன் டாக்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியைத் தேடுவார்கள். உட்கார முடியாத இடுப்பு வலிக்காகத்தான் அங்கே வந்திருப்பார்கள், அது வேறு விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போக இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. ஊரில் இருக்கும் அண்ணனுக்குக்கூட உடம்பு சரியில்லை என்பது தெரியாது. அந்த ஒரு "ஃபைன்" மருத்துவக் குறிப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டால், பின்னால் அதைப் பிடுங்கி எறிய நாம் படும் பாடு கொஞ்சமல்ல. என் வேலைக்காலத்தில் பாதி அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியே போயிற்று.

நம் ஊர்க் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு புடவைக் கடையின் மாடியில்தான் அப்போது நம் ஆபீஸ் இருந்தது. நான் வக்கீல் இல்லை. தேர்வு எழுதி, மனுதாரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் உரிமை வாங்கியவள், அவ்வளவுதான். உடல்நிலை காரணமாக வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிறதே, நாம் எல்லோரும் டிசபிலிட்டி என்று சொல்வோமே, அதுதான் என் உலகம். அதை ஒரு தடவை கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சில வருஷங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். உங்களுக்குத் தேறிவிட்டது, இனி நீட்டிக்க முடியாது என்று சொல்லவும் செய்வார்கள். அதை எதிர்த்துப் படிப்படியாகப் போனால் கடைசியில் ஒரு நீதிபதி முன்னால் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சந்துரு திருச்சிக்காரர். இன்ஜினியரிங்கில் முதல் ரேங்க். சுகர் லேண்ட் புறநகரில் வீடு, எண்ணெய்க் கம்பெனியில் நல்ல வேலை. ஒரு மழை நாளில் ஃப்ரீவே நெடுஞ்சாலையில் அவர் கார்மீது பின்னாலிருந்து ஒரு லாரி வந்து மோதியது. உடம்பில் பெரிய காயமில்லை, அடி முழுக்கத் தலையில். பேச்சு பழையபடியே இருந்தது, சிரிப்பு இருந்தது, நாற்பது வயதுக்காரரின் கம்பீரமும் இருந்தது. போனது உள்ளே. இரண்டு காரியத்தை வரிசையாகச் செய்யச் சொன்னால் முதலாவதிலேயே தொலைந்துபோவார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மதியம் அவருக்குத் தெரியாது. டிசபிலிட்டி கிடைப்பதில் அப்போது சிக்கல் ஏதும் வரவில்லை.

அவர் மனைவி மாலதியும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர்தான். ஒரு நாள் மாலதி காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் சந்துரு பாலை அடுப்பில் வைத்துவிட்டு, தபால் எடுக்க வாசலுக்குப் போனார். போனவர் அப்படியே நடந்துவிட்டார். யாரோ தெரிந்தவர் இரண்டு தெரு தள்ளிப் பார்த்துக் கூட்டி வந்தபோது அடுக்களைச் சுவர் கரியாகியிருந்தது. மாலதி அடுத்த வாரமே வேலையை விட்டார். வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து, சந்துருவைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டார். அந்த டிசபிலிட்டி நின்றால் மாலதி மறுபடியும் ஃப்ரீவே ஏறி முழுநேர வேலைக்குப் போக வேண்டும். சந்துரு காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த அடுப்போடு தனியாக இருக்க வேண்டும். வழக்கு என்று எழுதினால் எவ்வளவோ எழுதலாம். எனக்கு அது இந்த அடுப்பு மட்டும்தான்.

சில வருஷம் கழித்து வந்த ரிவ்யூவில் ஒரு டாக்டர் சந்துருவைச் சோதித்தார். நினைவாற்றலுக்கு எல்லோரும் செய்யும் சின்னச் சோதனை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போ. ஆப்பிள், டேபிள், பென்னி என்று மூன்று சொல் சொல்வேன், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல். முதல் தடவை, விபத்துக்குப் பிறகு, இதில் சந்துரு தொண்ணூற்று மூன்றைக்கூடத் தாண்டவில்லை. இந்தத் தடவை மளமளவென்று சொல்லிவிட்டார். குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று டாக்டர் எழுதினார். நீட்டிப்பு மறுக்கப்பட்டது.

அந்த அறிக்கையைப் படித்துவிட்டு ஆபீஸில் என் எதிரில் இருந்த சந்துருவைப் பார்த்தேன். கழிவறைக்குப் போன அவர், திரும்பி வரும்போது எங்கள் அறையைத் தாண்டி நேராகப் படியிறங்கப் போனார். இது எப்படி அதோடு ஒட்டும்? மாலதியைக் கேட்டால், அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நெஜமாவே இம்ப்ரூவ் ஆயிட்டு வர்றார் ஆன்ட்டி. டாக்டரே சொல்லிட்டாரே. இன்னும் கொஞ்ச நாள் சப்போர்ட் இருந்தா போதும், பழைய சந்துருவா வந்துடுவார்."

நமக்கிருந்த ஒரே சாட்சி மாலதிதான். கணவர் தேறி வருகிறார் என்று மனதார நம்பும் சாட்சி. எதிர்த்தரப்புக்குக்கூட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எனக்கு எரிச்சலாக வந்தது, வெளியே காட்டவில்லை. அந்த வெளிச்சத்தை அணைக்க யாருக்குத்தான் மனது வரும்?

விசாரணை நாளன்று நாங்கள் மூவரும் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தோம். காரை வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள் என்று மாலதி கீழே போனார். சந்துரு கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பெரிய காரியத்துக்கு முன்னால் நம்மவர்கள் செய்வதுதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தத் தாளம் சாமி பெயர்போல இல்லை.

"என்ன தம்பி, ஸ்லோகமா?"

"இல்ல ஆன்ட்டி" என்று சிரித்தார். "நைன்ட்டி த்ரீ, எய்ட்டி சிக்ஸ், செவன்ட்டி நைன், செவன்ட்டி டூ. ஜட்ஜும் கேட்டாலும் கேப்பார். தப்பு வந்துடக் கூடாது பாருங்க."

"இத எப்பலேந்து சொல்லிட்டிருக்கீங்க?"

"மொத டெஸ்ட்ல ஃபெயில் ஆனேன்ல, அதுக்கப்புறம். டெய்லி காலைல ஷேவ் பண்றப்போ. கொழாயத் தொறந்து விட்டுட்டு சொல்லுவேன், மாலுவுக்குக் கேக்காது. ஆப்பிள், டேபிள், பென்னியும் அப்படித்தான். கொஸ்டின் பேப்பர மாத்தவே இல்ல ஆன்ட்டி அவங்க."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே விஷயம் உறைத்தது. பழைய கேள்வித்தாளை வைத்துப் படித்துத் தேறுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. அப்படிப் படித்துத்தான் திருச்சியில் முதல் ரேங்க் வாங்கினார், அப்படிப் படித்துத்தான் அமெரிக்கா வந்தார். அடிபட்ட மூளைக்குப் புதிதாக எதுவும் ஏறாது. ஆனால் தினமும் ஒரே கண்ணாடி முன்னால், ஒரே தண்ணீர்ச் சத்தத்தில், வருஷக்கணக்கில் அரைத்தது எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைத்தான் டாக்டர் முன்னேற்றம் என்று எழுதினார்.

"எங்க, தொண்ணூறுலேந்து சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

அவர் முகம் மெல்லக் குழம்பியது. "தொண்ணூறா? அது சிலபஸ்லயே இல்லயே ஆன்ட்டி."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாலுகிட்ட சொல்லிடாதீங்க. டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டு அன்னிக்கு அவ பாயசம் வச்சா. அழுதா ஆன்ட்டி, சந்தோஷத்துல. நான் கொணமாயிட்டு வர்றேன்னு நெனச்சிட்டிருக்கா. அது இல்லன்னா அவளுக்கு வேற என்ன இருக்கு?"

உள்ளே கூப்பிட எந்த நிமிஷமும் ஆள் வரலாம். இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும் என்று சொல்கிறேன். விடைகள் புத்தகத்தில் இருந்தால் நம்மை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?

உள்ளே போய் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அவருக்கு உண்மையாகவே தெரியாததைத் தெரியாது என்று காட்டுவதில் என்ன தப்பு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நடிப்பு நடிப்புதான். அந்த யோசனை வந்தால் தயவுசெய்து வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உள்ளே போனதும் நானே எழுந்து போட்டு உடைப்பது. ஜெயிப்பது நிச்சயம். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றச் சொன்னது அவர் மனைவியின் நம்பிக்கையை. அதை எடுத்து மேஜையில் போட நான் யார்? மூன்றாவது, வாயை மூடிக்கொண்டு கரி பிடித்த சுவரையும் விபத்துக்குப் பிறகு எடுத்த தலை ஸ்கேனையும் வைத்து வாதாடுவது. தோற்போம் என்று தெரிந்தே வாதாடுவது.

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"தம்பி, நீங்க சரின்னு சொல்லாம நான் இத அங்க சொல்ல மாட்டேன். ஆனா இத மறைக்கறதுக்கு ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் யோசிங்க. இது நின்னு போச்சுன்னா மாலதி காலைல கெளம்பிப் போயிடுவா. நீங்களும் அடுப்பும்தான் வீட்ல. அந்த நெனப்போட அவ ஃப்ரீவேல டிரைவ் பண்ணணும். நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். என்ன பதில் சொல்றதுங்கறது ஒங்க இஷ்டம்."

அவர் இதை உள்ளே போகும்வரை ஞாபகம் வைத்திருப்பாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. மாலதி மூச்சிரைக்க வந்து அவர் காலரைச் சரிசெய்தார். எங்களை உள்ளே அழைத்தார்கள்.

நீதிபதி வயதானவர், அவசரப்படாதவர். சந்துருவை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தேதி, ஊர், எதற்காக வந்திருக்கிறீர்கள், எல்லாவற்றுக்கும் சந்துரு அழகான ஆங்கிலத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். மாலதி ஒரு வாரமாகக் கேள்வி கேட்டுத் தயார் செய்திருந்தார் போலிருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் மாலதியின் தலை மெல்ல அசைந்தது. டாக்டரின் அறிக்கையைப் பார்த்துவிட்டு நீதிபதி, நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அன்பாகவே சொன்னார். சந்துரு சிரித்தார். நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த கேள்விகள் ஒரு பக்கத்துக்கு இருந்தன. அவற்றை மூடி வைத்தேன்.

"அந்தச் சோதனைக்கு நீங்கள் எப்படித் தயார் ஆனீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லலாம். சாமி கும்பிட்டேன் என்று சொல்லலாம். அவர் தப்பித்துப் போக வழி இருக்க வேண்டும் என்றுதான் கேள்வியை அப்படி வைத்தேன். சந்துரு என்னைப் பார்த்தார். பிறகு மாலதியைப் பார்த்தார். மாலதி ஒன்றும் புரியாமல், சொல்லுங்க, சொல்லுங்க என்பது மாதிரி புன்னகை செய்தார்.

"சாரி மாலு" என்றார் தமிழில்.

பிறகு நீதிபதியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஐயா, நான் அதைப் படித்தேன். முதல் சோதனையில் தோற்றதிலிருந்து தினமும் மனப்பாடம் செய்தேன். எனக்குக் கணக்கு வரவில்லை. விடை மட்டும்தான் தெரியும். வேண்டுமானால் வேறு எண்ணிலிருந்து கேட்டுப் பாருங்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். ஆனால் மெல்லிய குரலில், தொண்ணூறிலிருந்து சொல்லிப் பாருங்கள் என்றார்.

"தொண்ணூறு" என்றார் சந்துரு. மேஜைக்குக் கீழே விரல்கள் அசைந்தன. உதடு அசைந்தது. எண்பத்து மூன்று என்று ஒருவழியாகச் சொன்னார். அதற்கு மேல் நகரவில்லை. திடீரென்று, தவறாமல் வரும் அந்தப் பழைய வரிசை வாயில் வந்தது. எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு என்று சொல்லிவிட்டு, அது தப்பு என்று தானே உணர்ந்து நிறுத்தினார். எந்த எண்ணிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள் என்று நீதிபதியைக் கேட்டார்.

மாலதியின் உதடுகள் சத்தமில்லாமல் சரியான விடையைச் சொல்லிக்கொண்டிருந்தன. கண்ணீர் கன்னத்தில் ஓடுவதுகூட அவருக்குத் தெரியவில்லை. போதும் என்றார் நீதிபதி. அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்றே தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. மனப்பாடம் செய்ய முடியாத, நாள் முழுக்க நடக்கும் வேறு சோதனைகளுக்கு உத்தரவிட்டார். அந்த முடிவுகள் வந்தபின் நீட்டிப்பை மறுத்தது செல்லாது என்று எழுதினார். சந்துருவுக்கு டிசபிலிட்டி தொடர்ந்தது. சட்டக் கதை அவ்வளவுதான்.

நான் தொழில் கற்றுக்கொண்ட வக்கீல் ஒருவர் இருந்தார், டெக்சாஸ்காரர். விசாரணை முடிந்ததும் கட்சிக்காரரை நேராக வீட்டுக்கு அனுப்ப விடமாட்டார். முதலில் எங்காவது கூட்டிப் போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். அந்த அறையிலிருந்து நேராகத் தன் வீட்டு வாசலுக்குப் போகிறவர்கள் உடைந்துபோவதை அவர் பார்த்திருக்கிறாராம். எனக்கும் அது பழக்கமாகிவிட்டது. அன்றைக்கு இருவரையும் ஹில்கிராஃப்ட்டில் ஒரு தோசைக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

தோசை வந்தது, ஆறிற்று. மாலதி அதைத் தொடவே இல்லை. சந்துருவுக்குப் பசி. அவர் சாப்பிட்டார். அறையில் நடந்ததில் எவ்வளவு அவரிடம் மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை, ஆனால் மாலதி கோபமாக இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"ஷேவ் பண்றீங்கன்னு நெனச்சேன்" என்றார் மாலதி கடைசியில். "தண்ணி வேஸ்ட்டாகுதேன்னு கத்துவேனே டெய்லி. ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"நீ சந்தோஷமா இருந்தியே மாலு."

"நான் என்ன எக்ஸாமினரா?" கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "எங்கிட்டயும் நீங்க பாஸ் பண்ணணுமா?"

சந்துரு தன் தட்டிலிருந்த வடையை எடுத்து மாலதியின் தட்டில் வைத்தார். மாலதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாப்பிட்டார்.

நான் அவர்களிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டேனா என்ற கேள்வி அன்று என்னோடு வீட்டுக்கு வந்தது. ஜெயித்த வழக்கில் இப்படி ஒரு கனம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். நம்மிடம் வருகிறவர்கள் ஜெயிக்க வேண்டுமென்றால், தங்களால் முடியாததை எல்லாம் மற்றவர் காதுபட, பல நேரம் தாங்கள் அதிகம் நேசிக்கிறவர் காதுபடச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வலியை நாம் குறைக்க முடியாது. சொல்வதா வேண்டாமா என்பதையாவது அவர்கள் கையில் விட்டுவைக்கலாம். அந்த அறைக்குள் மற்ற எல்லாவற்றையும் நாமும் நீதிபதியும்தான் தீர்மானிக்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் ஹில்கிராஃப்ட் மளிகைக் கடையில் மாலதியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. சந்துரு சற்றுத் தள்ளி நின்று முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் கை கூப்பினார். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "ஃபைன் ஆன்ட்டி" என்றார்.

"இன்னும் அந்த நம்பரெல்லாம் சொல்றாரா?" என்று மாலதியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சொல்றார் ஆன்ட்டி. டெய்லி. இப்ப கொழாயத் தொறக்கறதில்ல, கதவச் சாத்தறதில்ல. முன்ன மாதிரி முழுசா வரல. எய்ட்டி சிக்ஸ்லயே நின்னுடறார்."

"அப்புறம்?"

"செவன்ட்டி நைன்னு நான் கிச்சன்லேந்து எடுத்துக் குடுப்பேன்" என்றார் மாலதி. "அதுக்கப்புறம் கொஞ்ச தூரம் அவரே போவார்."